தக்காளிக்கு அசையாத வட்டி

2022 மே மாதம் விலைவாசியைக் கண்டு அவசரக் கூட்டம் போட்ட ரிசர்வ் வங்கி, 2023ல் தக்காளி 100 ரூபாயைத் தாண்டியபோது வட்டியைத் தொடவே இல்லை. எந்த விலையேற்றத்துக்கு மைய வங்கி அசைகிறது, எதற்கு அசைவதில்லை? அதன் விலையை யார் கொடுக்கிறார்கள்?

மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸில் மாலை ஆறு மணிக்கு மேல் நடந்து போவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். ஒரு பக்கம் மல்லிகையும் கனகாம்பரமும், இன்னொரு பக்கம் கீரைக்கட்டு, இடையே ஹாரன் அடித்துக்கொண்டு நுழையும் ஸ்கூட்டர்கள். 2023 ஜூலையில் இந்தத் தெருவுக்குப் பையோடு வந்தவர்களில் பலர் தக்காளியை மட்டும் விலை கேட்டுவிட்டு நகர்ந்தார்கள். கிலோ 100 ரூபாயைத் தாண்டியிருந்தது. பெங்களூருக்குத் தக்காளி அனுப்பும் கோலார் சந்தையில் 15 கிலோ பெட்டி ஒன்று 2,000 ரூபாய்க்கு மேல் ஏலம் போனது. அதே மாதம் தக்காளி ஏற்றிவந்த வண்டி ஒன்றைப் பெங்களூரில் வழிமறித்துக் கடத்திச் சென்றார்கள். மல்லேஸ்வரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஆர்.எம்.சி. யார்டு போலீஸார் அந்த வழக்கை விசாரிக்க வேண்டிவந்தது. நகை வண்டிக்கு நேர்வது ரசத்துக்கு வேண்டிய சரக்குக்கு நேர்ந்தது.

ஆகஸ்ட் 10ஆம் தேதி மும்பையில் ரிசர்வ் வங்கியின் நாணயக் கொள்கைக் குழு தன் முடிவை அறிவித்தது. விலைவாசி ஏறப்போகிறது என்பது குழுவுக்குத் தெரியாததல்ல. ஜூலை - செப்டம்பர் காலாண்டுக்கான பணவீக்க மதிப்பீட்டை 5.2 சதவீதத்தில் இருந்து 6.2 ஆக அதுவே உயர்த்தியது. ஆனாலும் ரெப்போ வட்டியை 6.5 சதவீதத்திலேயே விட்டுவைத்தது. ஆறு உறுப்பினர்களும் இதில் ஒருமனம். நான்கு நாள் கழித்து வந்த ஜூலை மாதக் கணக்கு, எல்லோருடைய மதிப்பீட்டையும் மிஞ்சியது: 7.44 சதவீதம்.

பதினைந்து மாதங்களுக்கு முன்பு இதே வங்கி வேறு மாதிரி நடந்துகொண்டது. 2022 மே 4, பிற்பகல் 2 மணி. அன்று அறிவிப்பு எதையும் யாரும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த கூட்டம் ஜூனில்தான் நடக்க வேண்டும். திடீரென்று கேமரா முன் வந்த கவர்னர் சக்திகாந்த தாஸ், குழு தனியாகக் கூடிப் பேசியதாகவும் ரெப்போ வட்டி 4 சதவீதத்தில் இருந்து 4.40 ஆக உயர்த்தப்படுவதாகவும் சொன்னார். சென்செக்ஸ் அன்று 1,300 புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. அந்த நேரத்தில் குழுவின் கையில் இருந்தது மார்ச் மாதப் பணவீக்கக் கணக்கு, 6.95 சதவீதம். ஏப்ரல் மாதத்துக்கு 7.79 என்பது எட்டு நாள் கழித்துத்தான் வெளியானது. பின்னர் 2023 பிப்ரவரிக்குள் மேலும் ஐந்து முறை உயர்த்தி, ரெப்போவை 6.5 சதவீதத்துக்குக் கொண்டுபோனார்கள். பத்து மாதத்தில் 2.5 சதவீத உயர்வு.

ஏறக்குறைய ஒரே அளவு பணவீக்கம். முதல் முறை பதற்றம், இரண்டாவது முறை மௌனம். எட்டாவது கிராஸில் பை தூக்கியவருக்கு இது விசித்திரமாகப் படலாம். முதல் முறை வட்டியை உயர்த்தியதால் தனக்கு என்ன லாபம் என்றும் அவர் கேட்கலாம்.

ரெப்போ என்ற சொல் செய்தித்தாளில் வாரம் தவறாமல் வருகிறது. விஷயம் எளிமையானது. வங்கிக்குத் திடீரென்று பணம் தேவைப்பட்டால் தன்னிடம் உள்ள அரசுக் கடன் பத்திரத்தை ரிசர்வ் வங்கியிடம் கொடுத்துப் பணம் வாங்குகிறது. குறித்த நாளில், பெரும்பாலும் மறுநாளே, வட்டியோடு திருப்பி வாங்கிக்கொள்கிறது. அடகுக் கடைதான், தங்கத்துக்குப் பதில் பத்திரம். இந்த வட்டி ஏறினால் வங்கிகள் ஒன்றுக்கொன்று கைமாற்றாகக் கொடுக்கும் பணத்தின் வட்டி ஏறும். அதைத் தொட்டு வீட்டுக் கடன், கார் கடன், கம்பெனிக் கடன் எல்லாம் ஏறும். கடன் வாங்குபவர் யோசிப்பார். செலவு குறையும். சரக்கை விற்பவர் விலையை ஏற்றத் தயங்குவார். பாடப்புத்தகத்தில் வரிசை இவ்வளவுதான்.

ஆனால் 2022 தொடக்கத்தில் வங்கிகள் அடகுக் கடைப் பக்கமே வரவில்லை. கொரோனா காலத்தில் ரிசர்வ் வங்கி திறந்துவிட்ட பணம் பல லட்சம் கோடியாக அவற்றிடம் தேங்கிக் கிடந்தது. உபரிப் பணத்தை ரிசர்வ் வங்கியிலேயே போட்டுவைத்தால் கிடைத்த வட்டி 3.35 சதவீதம், சந்தையில் குறுகிய கால வட்டி அதை ஒட்டியே இருந்தது. கடன் வாங்க ஆளில்லாத கடையில் வட்டியை ஏற்றி என்ன பயன்? எனவே உண்மையான முதல் அடி மே மாதத்துக்கு முன்பே, ஏப்ரல் 8ஆம் தேதி விழுந்தது. உபரிப் பணத்தை 3.75 சதவீதத்துக்கு எடுத்துக்கொள்ள ஒரு புதிய வசதியை ரிசர்வ் வங்கி தொடங்கியது. ரெப்போ அசையவில்லை, தலைப்புச் செய்தியும் இல்லை. ஆனால் தரை 0.40 உயர்ந்துவிட்டது. மே மாதம் இன்னொன்றும் செய்தார்கள். வங்கிகள் தங்கள் டெபாசிட்டில் ரிசர்வ் வங்கியிடம் கட்டாயமாக வைக்க வேண்டிய ரொக்க இருப்பு விகிதத்தை 4ல் இருந்து 4.5 சதவீதமாக்கினார்கள். சுமார் 87,000 கோடி ரூபாய் ஒரே ஆணையில் புழக்கத்தில் இருந்து விலக்கப்பட்டது.

மல்லேஸ்வரத்தில் இதன் விளைவைப் பார்க்க, ஒரு குடும்பத்தைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். 1898ன் பிளேக் நோய்க்குப் பிறகு நெரிசல் குறைந்த இடமாக வளர்ந்த இந்தப் பேட்டையில் ஓய்வு பெற்றவர்கள் ஏராளம். தந்தை 2020 மே மாதம் ஓய்வு பெற்றவர். தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அன்றைய உச்சவரம்பான 15 லட்சத்தைப் போட்டார். வட்டி 7.4 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 27,750 ரூபாய். ஐந்தாண்டுக்கு அது மாறாது. மகன் 2022 தொடக்கத்தில் நகரத்தின் வடக்கே ஒரு ஃபிளாட் வாங்கினான். கடன் 40 லட்சம், 20 ஆண்டு, 7 சதவீத மாறும் வட்டி. மாதத் தவணை 31,012 ரூபாய். குடும்பம் கற்பனை, கணக்கு நிஜம்.

2019 அக்டோபரில் இருந்து வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவுகோல் ஒன்றோடு இணைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எனவே மும்பையில் கவர்னர் உயர்த்தியது மூன்று மாதத்துக்குள் மகனின் கணக்குக்கு வந்து சேர்கிறது. ரெப்போ 2.5 ஏறியதும் அவனுடைய வட்டி 9.5 சதவீதம். முழுக் கடனையும் அதே 20 ஆண்டில் அடைக்கத் தவணை 37,285 ரூபாயாக வேண்டும். மாதம் 6,273 ரூபாய் கூடுதல்.

பல வங்கிகள் தவணையைக் கூட்டவில்லை. அதுதான் வேடிக்கை. வாடிக்கையாளர் பயந்துவிடுவார் என்று தவணையை அப்படியே வைத்துக் காலத்தை நீட்டின. மகனின் கடனில் இந்தக் கருணை என்ன செய்கிறது பாருங்கள். 40 லட்சத்துக்கு 9.5 சதவீத வட்டி, மாதத்துக்கு 31,667 ரூபாய். அவன் கட்டுவது 31,012. வட்டிக்கே போதவில்லை! கட்டக் கட்டக் கடன் வளரும். முதல் சில மாதத் தவணைகளில் அசல் கொஞ்சம் கழிந்திருந்தாலும் நிலைமை பெரிதாக மாறாது. 20 ஆண்டுக் கடன் எத்தனை ஆண்டில் முடியும் என்ற கேள்விக்கு அந்தக் கட்டத்தில் பதிலே கிடையாது.

தந்தைக்கு? விலைவாசி ஏறியபோது அவருடைய 27,750 ரூபாய் நகரவில்லை. 2021-22ல் இருந்து நான்கு ஆண்டுகளின் சராசரிப் பணவீக்கம் முறையே 5.5, 6.7, 5.4, 4.6 சதவீதம். அடுக்கிப் பார்த்தால், 2024-25ல் அவர் கைக்கு வந்த 27,750 ரூபாயின் வாங்கும் சக்தி, ஓய்வு பெற்ற ஆண்டின் 22,400 ரூபாய்க்குச் சமம். வட்டி உயர்வு டெபாசிட்காரர்களுக்கு நல்லதுதானே என்று சொல்வதுண்டு. வங்கிகள் கடன் வட்டியை ஏற்றிய வேகத்தில் டெபாசிட் வட்டியை ஏற்றவில்லை. ஏற்றியபோதும் பழைய டெபாசிட்டுக்கு அது பொருந்தாது. தபால் ஆபீஸ் வட்டியை நிர்ணயிப்பது மத்திய அரசு. அது 2022 அக்டோபரில்தான் 7.6 ஆகவும், 2023 ஜனவரியில் 8 ஆகவும், ஏப்ரலில் 8.2 ஆகவும் உயர்த்தியது, அதுவும் புதிதாகப் பணம் போடுபவர்களுக்கு. மல்லேஸ்வரத்தில் சம்பிகே சாலையும் மார்கோசா சாலையும் இணையாக ஓடுகின்றன. ஒன்று செண்பகத்தின் பெயர், மற்றது வேம்பின் பெயர். ஒரே வட்டி உயர்வு தந்தைக்குச் செண்பகம், மகனுக்கு வேம்பு என்று சொல்லிவிடலாம். ஆனால் வேம்பு உடனே கசந்தது. செண்பகம் பூக்கும்போது தந்தையின் பணம் வேறு தோட்டத்தில் பூட்டிக் கிடந்தது.

அப்படியானால் இந்த மருந்து எதற்கு? விலைவாசியில் இரண்டு வகை உண்டு. மழை பொய்த்து, அல்லது பூச்சி விழுந்து, ஒரு பொருள் இரண்டு மாதம் கிடைக்காமல் போவது ஒரு வகை. 2023ல் கோலார் வட்டாரத்துத் தக்காளிச் செடிகளில் இலைச்சுருட்டு நோய் பரவியது. வட்டியை 2 சதவீதம் உயர்த்தினாலும் அந்தச் செடிகள் நிமிரப்போவதில்லை. கடன் வாங்கித் தக்காளி தின்பவரும் யாருமில்லை.

இன்னொரு வகை, பரவும் விலைவாசி. 2022 பிப்ரவரி 24ஆம் தேதி ரஷியா உக்ரைனுக்குள் நுழைந்ததும் கச்சா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கோதுமை, உரம் எல்லாம் சேர்ந்து ஏறின. லாரி வாடகை ஏறியது. சோப்புக் கம்பெனி கட்டியின் எடையைக் குறைத்தது. ஓட்டல் பலகையில் மசால் தோசையின் விலை அழித்து எழுதப்பட்டது. உணவும் எரிபொருளும் நீங்கலான பணவீக்கமே 2022 ஏப்ரலில் 7 சதவீதத்தை ஒட்டி இருந்தது. அதாவது நோய் ஒரு பொருளில் நிற்கவில்லை. 2023 ஜூலையில் மொத்தப் பணவீக்கம் 7.44 என்றாலும், இந்த அடிப்படைப் பணவீக்கம் 5 சதவீதத்துக்குச் சற்றுக் கீழேதான். மைய வங்கி பார்ப்பது இந்த இரண்டாவது எண்ணை. முதல் எண் காய்ச்சல் என்றால் இரண்டாவது எண் அது தொற்றா, வெறும் ஜலதோஷமா என்று காட்டும் பரிசோதனை.

மைய வங்கி பயப்படுவது பொருளின் விலையைவிட மனிதர்களின் எதிர்பார்ப்பைப் பார்த்து. அடுத்த ஆண்டும் 8 சதவீதம் ஏறும் என்று எல்லோரும் நம்பிவிட்டால், ஊழியர் அதற்கேற்பச் சம்பளம் கேட்பார், வீட்டுக்காரர் அதற்கேற்ப வாடகையைக் கூட்டுவார், ஓட்டல்காரர் இன்றே பலகையை மாற்றுவார். நம்பிக்கையே விலையை ஏற்றிவிடும். தக்காளி இறங்கும், ஆனால் ஒருமுறை ஏறிய தோசை இறங்கியதாகச் சரித்திரம் இல்லை. இதைக் கண்காணிக்கவே பெங்களூர் உள்ளிட்ட நகரங்களில் வீடுவீடாக ஆளனுப்பி, விலைவாசி எவ்வளவு ஏறும் என்று நினைக்கிறீர்கள் என ரிசர்வ் வங்கி கேட்கிறது. வழக்கமாக வரும் பதில் அரசாங்கக் கணக்கைவிட அதிகமாகவே இருக்கும். சந்தைக்குப் போகிறவர் சராசரியை வாங்குவதில்லை.

இந்தப் பக்குவத்துக்கு வர ரிசர்வ் வங்கிக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. 1974ல் பணவீக்கம் 25 சதவீதத்தைத் தாண்டியபோது வங்கி விகிதம் 7ல் இருந்து 9 சதவீதமானது. ஆனால் அன்றைய பெரிய அடி வட்டியில் விழவில்லை, சம்பளக் கவரில் விழுந்தது. கூடுதல் பஞ்சப்படியில் பாதியையும், சம்பள உயர்வு முழுவதையும் கட்டாய டெபாசிட்டாக அரசு பிடித்துவைத்தது. எச்.எம்.டி., ஐ.டி.ஐ. போன்ற அரசு நிறுவனங்களின் ஊழியர்கள் நிறைந்த பெங்களூரில் அந்தப் பிடித்தத்தை நினைவு வைத்திருக்கும் முதியவர்கள் இருக்கக்கூடும்.

1991 இன்னும் மோசம். அந்த ஆகஸ்டில் மொத்தவிலைப் பணவீக்கம் ஏறக்குறைய 17 சதவீதம். நாகர்கோவில்காரரான எஸ். வெங்கிடரமணன் கவர்னர். வங்கி விகிதம் ஜூலையில் 11, அக்டோபரில் 12 சதவீதம். ஒவ்வொரு 100 ரூபாய் டெபாசிட்டிலும் 15 ரூபாய் ரொக்க இருப்பாகவும், 38 ரூபாய் 50 காசு அரசுப் பத்திரங்களாகவும் முடங்கின. புதிதாக வரும் டெபாசிட்டில் இன்னும் 10 ரூபாய். வங்கி கடன் கொடுக்கக் கையில் மிஞ்சியது 36 ரூபாய் 50 காசு. இவ்வளவு கெடுபிடிக்குப் பிறகும் விலைவாசி ஏன் அடங்கவில்லை? பின்கதவு திறந்திருந்தது. 1955ல் தொடங்கிய ஏற்பாட்டின்படி, மத்திய அரசின் இருப்பு குறைந்தால் தற்காலிகக் கருவூலப் பத்திரம் ஒன்றை எழுதிக்கொடுத்து, ரிசர்வ் வங்கியிடம் இருந்து புதுப் பணம் பெற்றுக்கொள்ளலாம். கேட்பதற்கு அவசியமில்லை, தானாகவே நடக்கும். தற்காலிகம் என்ற பெயரில் அது நாற்பதாண்டு நீடித்தது. ஒரு கையால் வங்கிகளின் பணத்தை உறிஞ்சிய ரிசர்வ் வங்கி, மறுகையால் அரசுக்கு ஊற்றிக்கொண்டிருந்தது.

பின்கதவை மூடியவர் அடுத்த கவர்னர் சி. ரங்கராஜன். அன்றைய நிதியமைச்சர் மன்மோகன் சிங் முன்பு அதே கவர்னர் நாற்காலியில் இருந்தவர் என்பது உதவியது. 1994 செப்டம்பரில் ஒப்பந்தம். 1997 ஏப்ரலோடு அந்தப் பத்திரங்களுக்கு முற்றுப்புள்ளி. வட்டி என்ற ஆயுதம் இந்தியாவில் உண்மையாகக் கூர்மை பெற்றது அதற்குப் பிறகுதான். இதைப் பெரிய செய்தியாகப் பத்திரிகைகள் கொண்டாடவில்லை. கொண்டாடியிருக்க வேண்டும்.

பின்கதவு திறந்திருந்தால் என்ன ஆகும் என்பதைப் பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் பார்க்கலாம். வரிகளைக் குறைத்துவிட்டுப் பற்றாக்குறைக்கு மத்திய வங்கியின் பணத்தை அரசு இறைத்தது, டாலரும் தீர்ந்தது. ரிசர்வ் வங்கி ஓசையில்லாமல் தரையை உயர்த்திய அதே 2022 ஏப்ரல் 8ஆம் தேதி, பொறுப்பேற்றுச் சில நாள்கூட ஆகாத இலங்கை மத்திய வங்கி ஆளுநர் நந்தலால் வீரசிங்க வட்டியை ஒரே அடியில் 7 சதவீதம் உயர்த்தினார். இந்தியாவில் பத்து மாதத்தில் நடந்ததைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு, ஒரே நாளில். அப்படியும் செப்டம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டுவிட்டுத்தான் இறங்கியது. ஓராண்டுக்குள் ஒற்றை இலக்கம். 2023ல் வந்த புதிய சட்டம், அரசுக்குப் பணம் அச்சடித்துக் கொடுக்க அந்த வங்கிக்குத் தடை விதித்தது. துருக்கி எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தது: விலை ஏறும்போது 2021 இறுதியில் வட்டியை 19ல் இருந்து 14 ஆகக் குறைத்தது. 2022 அக்டோபரில் பணவீக்கம் 85 சதவீதம். 2024 மார்ச்சில் வட்டி 50 சதவீதம்.

இந்தியாவில் இலக்கு என்று ஒரு எண் வந்தது 2016ல். உர்ஜித் படேல் குழு 2014 ஜனவரியில் பரிந்துரைத்ததை ஒட்டி ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டது. நுகர்வோர் பணவீக்கம் 4 சதவீதம்; மேலேயும் கீழேயும் 2 சதவீதம் சலுகை. தொடர்ந்து மூன்று காலாண்டு எல்லை தாண்டினால், காரணத்தையும் பரிகாரத்தையும் அரசுக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். 2022ல் ஜனவரி முதல் செப்டம்பர் வரை எல்லை தாண்டியது. அந்த நவம்பரில் ரிசர்வ் வங்கி முதன்முறையாகக் காரணக் கடிதம் எழுதியது. கடிதத்தை அரசும் வங்கியும் வெளியிடவில்லை. ஜனங்களின் விலைவாசி பற்றிய கடிதம் ஜனங்களுக்குக் காட்டப்படவில்லை என்பதை ஜீரணிப்பது கடினம். 2021ல் பணக்கொள்கை ஒரே பாதையில் தளர்ந்தே இருந்ததும், உயர்த்தத் தொடங்க ஏப்ரல் வரை காத்திருந்ததும் சரியா என்ற விமர்சனத்துக்கு அதில் என்ன பதில் இருந்தது என்பது தெரிய வேண்டிய விஷயம்.

திரும்பவும் 2023 ஆகஸ்ட் 10. அன்றைய நுகர்வோர் விலைக் குறியீட்டில் காய்கறிகளின் பங்கு 6 சதவீதத்துக்குச் சற்று மேல். ஜூலையில் அவற்றின் விலையேற்றம் 37 சதவீதம். பெருக்கினால், 7.44ல் 2.2 அளவுக்குக் காய்கறிக் கூடையில் இருந்தே வந்தது. ரிசர்வ் வங்கி செய்தது மூன்று. வட்டியைத் தொடவில்லை. 2,000 ரூபாய் நோட்டுகள் திரும்பி வந்ததால் வங்கிகளில் பெருகிய பணத்தில் 10 சதவீதத்தைக் கூடுதல் ரொக்க இருப்பாகத் தற்காலிகமாக வாங்கிவைத்துக்கொண்டது. 1991ன் துருப்பிடித்த ஆயுதம் ஒன்று பரணில் இருந்து இறங்கியது. மூன்றாவது, மகனுக்கானது: மாறும் வட்டிக் கடன்களில் வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, நிலையான வட்டிக்கு மாறுவதா என்று வாடிக்கையாளரைக் கேட்க விதி வரும் என்று அறிவித்தது. எட்டு நாளில் சுற்றறிக்கையும் வந்தது. காலத்தை நீட்டுவதால் வட்டிக்கே போதாத நிலை வரக்கூடாது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. நல்ல விதி. வட்டி 2.5 சதவீதம் ஏறி முடிந்த பிறகு வந்தது என்பதுதான் குறை.

அதே நாளில் டெல்லியில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், நேபாளத்தில் இருந்து தக்காளி இறக்குமதியாகத் தொடங்கிவிட்டதாக மக்களவையில் சொன்னார். தக்காளிக்குச் சரியான மருந்து அந்தப் பக்கத்தில் இருந்தது. அதைவிடவும் பெரிய மருந்து வயலில் இருந்தது. 100 ரூபாயைப் பார்த்து எல்லோரும் நட்ட செடி பலனுக்கு வந்தது. பணவீக்கம் ஆகஸ்டில் 6.83, செப்டம்பரில் 5.02. கை கட்டி நின்றது சரி என்று ஆயிற்று. ஆகஸ்டில் வட்டியை உயர்த்தியிருந்தால், அதன் பலன் பொருளாதாரத்தில் இறங்கும்போது தக்காளி தெருவில் கொட்டிக் கிடந்திருக்கும். மகனின் தவணை மட்டும் ஏறிய இடத்திலேயே நின்றிருக்கும்.

ஆனால் சாப்பாட்டுப் பொருளை எத்தனை முறை இப்படித் தாண்டிப் போகலாம்? தக்காளிக்குப் பிறகு வெங்காயம், பருப்பு, பூண்டு, மறுபடி தக்காளி. 2024 அக்டோபரில் பணவீக்கம் மீண்டும் 6.21 சதவீதம். அந்த ஜூலையில் வெளியான மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை, உணவு நீங்கலான பணவீக்கத்தை இலக்காக வைக்கலாமா என்று யோசிக்கச் சொன்னது. தாஸ் ஆகஸ்டில் மறுத்தார்: மக்கள் விலைவாசியை உணர்வதே சாப்பாட்டின் வழியாகத்தான், குறியீட்டில் ஏறக்குறைய 46 சதவீதம் உணவு, அது தொடர்ந்து ஏறினால் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது. முன்னாள் கவர்னர் ரகுராம் ராஜனும் இதே பக்கம். அவர்கள் சொல்வதே சரி. எட்டாவது கிராஸில் போய் உணவு நீங்கலாக விலைவாசி அடங்கிவிட்டது என்று சொல்லிப் பார்த்தால் தெரியும். ஒரு மாதத் தக்காளியைத் தாண்டிப் போவது வேறு, சோற்றையே கணக்கில் இருந்து எடுத்துவிடுவது வேறு.

வட்டி பிறகு இறங்கியது. புதிய கவர்னர் சஞ்சய் மல்ஹோத்ரா 2025 பிப்ரவரியில் தொடங்கி டிசம்பருக்குள் ரெப்போவை 5.25க்குக் கொண்டுவந்தார். அந்த ஆண்டு அக்டோபரில் நுகர்வோர் பணவீக்கம் 0.25 சதவீதம், 2012ஐ அடிப்படையாகக் கொண்ட வரிசையில் அவ்வளவு குறைந்ததே இல்லை. வினோதம், அதே ஆண்டில்தான் மல்லேஸ்வரத்தின் காபி ஏறியது. பிரேசில் வறட்சியால் உலகச் சந்தையில் கொட்டை விலை பிப்ரவரியில் உச்சம் தொட்டது. ஏப்ரல் 1ஆம் தேதி நந்தினி பால் லிட்டருக்கு 4 ரூபாய் கூடியது. வட்டி குறையக் குறைய டம்ளர் விலை ஏறிற்று. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று மும்பை சொல்லும். அது உண்மையும்கூட.

மகனின் வட்டி 9.5ல் இருந்து 8.25க்கு இறங்கியிருக்கும், கடன் வாங்கியபோது இருந்த 7 இன்னும் எட்டவில்லை. தந்தையின் தபால் ஆபீஸ் டெபாசிட் 2025 மே மாதம் முதிர்ந்தது. வங்கிகள் டெபாசிட் வட்டியைக் குறைத்துக்கொண்டிருந்த நேரம். தபால் ஆபீஸில் மட்டும் 8.2 சதவீதம் அப்படியே இருந்தது. அதே 15 லட்சத்தைத் திரும்பப் போட்டால் மூன்று மாதத்துக்கு 30,750 ரூபாய். பழைய தொகையைவிட 3,000 அதிகம். 2020ன் 27,750 ரூபாய் வாங்கியதை 2024-25ல் வாங்க அவருக்குத் தேவைப்பட்டது 34,400.